கிரகணத்தில் வெளியே வந்தவள் எழுதுவது

கண்ணு,

உன் இன்லேண்டு லெட்டர் இன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு வந்தது. பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கரண்டியோடு நின்றபடியே படித்தேன். வலது கண்ணில் ஒரு வாரமாகக் கரும்புள்ளி பறக்கிறது, காலையில் எழுந்தால் புகை மூடினாற்போல் இருக்கிறது, செல்விக்கு இது ஐந்தாம் மாதம், இந்த நேரத்தில் மாமனார் வீட்டில் சொன்னால் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் வரும் என்று பயந்துவிடுவார்கள், பிரசவம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்கிறேன், நீயும் மூச்சு விடாதே அம்மா என்று எழுதியிருக்கிறாய். ஆக இன்னும் நாலு மாதம். நாலு மாதத்தில் அந்தக் கண்ணில் என்ன மிச்சம் இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? தெரியாதவனுக்குச் சொல்லலாம். ஒன்பது வயதில் இதையே அனுபவித்தவனுக்கு நான் என்னத்தைச் சொல்வது? படித்து முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் உன் மேல், அப்புறம் என் மேல். என் மேல் வந்ததுதான் அதிகம். மூடி மறைக்கிற இந்தப் பழக்கத்தை நீ வேறு யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டின் கடைசித் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். சர்க்கார் தாள். யாராவது கேட்டால் கேட்கட்டும். உங்கப்பா பால்வாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "இத்தனையும் எழுதோணுமா புள்ள? நாளைக்கு நேர்லதான போறோம், பேசிக்கலாமில்ல" என்கிறார். நேரில் போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி டம்ளரைக் கையில் கொடுத்தவுடன் என் வாய் அடைத்துக்கொள்ளும். "சும்மா உங்களையெல்லாம் பார்த்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். என் வாய் இப்படி இரண்டு முறை அடைத்துப்போயிருக்கிறது. இரண்டு முறையும் நஷ்டம் உனக்கு. அதனால் எழுதுகிறேன். மூன்று மணி பஸ் கண்டக்டர் உங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். அவர் கையில் கொடுத்தால் குப்பனூர் வழியாகப் பொழுது சாய்வதற்குள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

உனக்கு அந்த நாட்கள் பாதிதான் ஞாபகம் இருக்கும். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். சாப்பிடும்போது முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே இருப்பாய். கேட்டால், "கொசு பறக்குதும்மா" என்பாய். நம் கொட்டச்சேட்டு மலைமேல் அந்தக் குளிர்காலத்தில் ஏது கொசு? பள்ளிக்கூடத்திலும் கையை வீசியிருக்கிறாய். வாத்தியார் தன்னைக் கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். அன்று சாயங்காலம் நீ வந்து சொன்னபோது நானும் ஒரு அறை வைத்தேன். இல்லாத கொசுவை விரட்டுகிறவனை என்ன செய்வது என்று எனக்கும் புரியவில்லை. அந்த அறையை நான் மறக்கவில்லை. நீ மறந்திருந்தால் இப்போது சொல்கிறேன், தெரிந்துகொள். இடது கண்ணைக் கையால் மூடிவிட்டு, "இப்ப கொசு இல்ல" என்று நீயாகத்தான் கண்டுபிடித்தாய். டாக்டரிடம் ஓடவேண்டிய நேரம் அது. நான் ஓடவில்லை. ஆறு வாரம் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்பதை இதுவரை உன்னிடம் நான் சொன்னதில்லை. உன் அத்தை, உங்கப்பாவின் அக்கா, ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டிருப்பாய். என் வாயால் கேள். நீ என் வயிற்றில் நாலு மாதமாக இருந்தபோது ஒரு சந்திர கிரகணம் வந்தது. பொழுது சாயும்போதே பிடித்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலைகாட்டக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது, உடம்பைச் சொறியக்கூடக் கூடாது, இருட்டில் அசையாமல் படுத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் கிரகணத்துக்குத் தலை முழுக ஓடைக்குப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தூறல் போட ஆரம்பித்தது. களத்தில் காபி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்து மகசூல் கண்ணு, நம்முடையது, எஸ்டேட்டுடையது இல்லை. நனைந்தால் பூஞ்சை பிடித்துப்போகும். கொஞ்ச நேரம் படுத்துத்தான் பார்த்தேன். முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய், வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி படுத்துக்கொண்டேன். மேகத்துக்கு நடுவில் நிலா செம்பு நிறத்தில் இருந்தது. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பொய் எதற்கு?

தார்ப்பாயை மூடியது யார் என்று மறுநாள் அத்தை கேட்டபோது உங்கப்பா, "நான்தான் போறப்ப மூடிட்டுப் போனேன்" என்று சொல்லிக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அதே வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டிக்கொண்டது, புளியங்கொட்டை அளவுக்கு. எனக்குள் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கிரகணத்தில் வெளியே போனதற்கு சாமி கொடுத்த தண்டனை என்று. காய்ச்சலையும் சொல்லவில்லை, நெறியையும் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன். நீ பிறந்தபோது கை கால் விரலெல்லாம் எண்ணிப்பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று ஒன்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நீ கண்ணைப் பொத்திக்கொண்டு கொசு இல்லை என்று சொன்னபோது, இது கண் நோய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் குற்றம் வெளியே வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. உனக்கு மந்திரிக்கவைத்தேன். சேர்வராயன் கோவிலுக்கு ஈரத்துணியோடு நடந்தேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை, டாக்டர் பார்த்தால் நான் செய்தது தெரிந்துவிடும் என்று.

ஆறாவது வாரம் உங்கப்பாதான் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "சாமி பார்த்தது போதும், நான் சேலத்துக்குப் போறேன், நீ வந்தா வா" என்று கிளம்பினார். அத்தையும் கூடவே வந்தார். அந்தக் கண் டாக்டர் உன் கண்ணில் சொட்டு மருந்து விட்டு முக்கால் மணி நேரம் மூடி உட்காரவைத்தார். பிறகு இருட்டறையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்து, குனிந்து குனிந்து பார்த்தார். மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்றார். கண்ணின் முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது, பின்பக்கத்துத் திரையில்தான் வீக்கம் என்றார். கண்ணுக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது என்பதையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏம்மா, இவன் வயித்துல இருந்தப்ப உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா? கழுத்துல நெறி கட்டுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும் பார். பத்து வருஷத்துக்கு முந்தி நடந்த, ஒரு ஈ காக்கைக்குத் தெரியாத விஷயத்தை, முன்பின் பார்க்காத மனுஷன் கேட்கிறார். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். நான் கிரகணத்தில் வெளியே வந்ததை இந்த ஆள் உன் கண்ணுக்குள் பார்த்துவிட்டார் என்றே நினைத்தேன். சிரிக்காதே. அன்று அப்படித்தான் நினைத்தேன்.

"ஒண்ணுமே இல்லீங்க. நொம்ப நல்லா இருந்தனுங்க" என்றேன்.

அந்த ஒரு பொய்க்கு விலை உன் இடது கண். டாக்டர் நான் சொன்னதை நம்பினார். தாய் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள்? அப்படியானால் வேறு காரணம் என்று முடிவு செய்து, காசநோயோ என்று கையில் ஊசி போட்டுப் பார்த்தார், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார், வீக்கத்தை அடக்குகிற மாத்திரை கொடுத்தார். பத்து நாள் நன்றாக இருந்தாய். பதினோராம் நாள் வாசலில் உட்காரவைத்து உனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாய். "அம்மா, உன் மூக்கைக் காணோம்" என்றாய். "காது தெரியுது, கொண்டை தெரியுது, மூக்கு இருக்கிற இடம் மட்டும் சாம்பலா இருக்குது." விளையாட்டுப் போல் சிரித்துக்கொண்டே சொன்னாய், பாவி. பாதி வாரிய தலையோடு உன்னைக் கிளப்பினேன். அன்றைக்கே பஸ் ஏறினோம்.

இரண்டாவது தடவை டாக்டர் அதே விளக்கைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நான் கொடுத்த மருந்துல இது குறைஞ்சிருக்கோணும். கூடியிருக்குது. எனக்குத் தெரியாம ஏதோ ஒண்ணு இருக்குதும்மா" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். கவலையோடு சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. அத்தை பக்கத்தில் இருக்கிறார் என்பதுகூட நினைப்பில் இல்லை.

"நான்தானுங்க காரணம்! கிரகணத்தன்னைக்கு வயித்துப் பிள்ளையோட வெளிய வந்துட்டனுங்க. நிலாவப் பார்த்துட்டனுங்க. அந்த வாரமே காச்சல் அடிச்சு நெறி கட்டிருச்சுங்க. சாமி குத்தமுங்க, என்னை என்ன வேணாலும் பண்ணுங்க, பையன் கண்ணை மட்டும் குடுத்துருங்க!"

டாக்டர் மேஜை மேல் ஒரு தட்டுத் தட்டினார். "கிரகணத்தை விடும்மா! காய்ச்சல் வந்துச்சா? நெறி கட்டுச்சா? இதைத்தானம்மா மொதல் நாளே கேட்டேன்! அப்ப நீங்க என்ன வேலை செஞ்சீங்க? ஊட்டுல பூனை இருந்துச்சா? மண்ணுல கை வெச்சீங்களா? கறி அரைவேக்காடா தின்னீங்களா?"

இந்தக் கேள்விகளுக்குள்தான் கண்ணு, உன் கண்ணுக்குள் இருந்ததன் பெயரே இருந்தது. நான் அப்போது எஸ்டேட் நர்சரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். காபி நாற்றுக்கு மண் சலித்து, பிளாஸ்டிக் பையில் கையாலேயே அள்ளி நிரப்பவேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பை. எஸ்டேட் ஸ்டோரில் எலி பிடிக்க வளர்த்த பூனைகள் சலித்த மண் குவியலில்தான் வெளிக்கிருக்கும். அதை மண்ணோடு மண்ணாகக் கிளறித்தான் நாங்கள் அள்ளினோம். மத்தியானம் கையை ஒரு டம்ளர் தண்ணியில் நனைத்துவிட்டு, அந்தக் கையாலேயே களி உருட்டிச் சாப்பிட்டோம். சோப்பா? சோப்பை யார் கண்டது! அந்த மண்ணில் இருந்த கிருமி என் வாய் வழியாகப் போய், எனக்கு ஒரு வாரக் காய்ச்சலோடு விட்டுவிட்டு, உன் கண்ணில் போய்க் குடியேறிவிட்டது. பெரியவர்கள் உடம்பில் சும்மா கிடக்கும், வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து என்றார் டாக்டர். ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். அதுவும் அதேதான் சொன்னது.

உன் கண்ணுக்குள் என்ன பார்த்தார் என்பதையும் அவர் எனக்குச் சொன்னார். "மலைக்காரங்களுக்குச் சொன்னாப் புரியும். பனிமூட்டத்துல வளைவுல எதுக்க பஸ் வந்தா எப்படித் தெரியும்? பஸ் தெரியாது, லைட்டு மட்டும் மங்கலா வெள்ளையாத் தெரியுமில்ல? அப்படித் தெரியுது உள்ள. பனி மாதிரி இருக்கிறது வீக்கம். லைட்டு மாதிரி இருக்கிறதுதான் புண்ணு. பக்கத்துலயே ஒரு பழைய தழும்பு இருக்குது. பொறக்கறப்பவே இருந்தது." வீக்கத்தை அடக்குகிற மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம், கிருமி மருந்தோடு சேர்த்துத்தான் அதைக் கொடுக்கவேண்டும் என்றார். நான் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் நாளே சேர்த்துக் கொடுத்திருப்பார். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே வந்ததும் அத்தை ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டிலேயே, நாலு பேர் பார்க்க. "ஏம்புள்ள, கிரகணத்துல வெளிய வந்ததுமில்லாம பத்து வருசமா மூடி வெச்சிருந்தியா? கொழுப்பெடுத்துப் போயி எங்க கொடியில பொறந்த கண்ணைக் கெடுத்துட்டியே!" பத்து வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். கேட்டதும் பயம் போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. "ஆமாங்க அண்ணி, வந்தேன். வந்துதான் உங்க தம்பி ஊட்டுக் காபியக் காப்பாத்துனேன். இன்னொரு கிரகணம் வந்தாலும் வருவேன். எம்பையன் கண்ணைக் கெடுத்தது நிலா இல்லீங்க. எஸ்டேட்டுல ஒரு துண்டு சோப்பு இல்லாததுதான் கெடுத்துச்சு. அதைவிட, நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தது கெடுத்துச்சு" என்றேன். உங்கப்பா கடலை வாங்கிவந்து இரண்டு பேர் கையிலும் கொடுத்துவிட்டு, "பஸ் வந்துருச்சு" என்றார். அவரைத் தெரியும் அல்லவா உனக்கு.

அடுத்த வாரமே எஸ்டேட் ஆபீசுக்குப் போய்க் கணக்கெழுதுகிற ரைட்டர் முன்னால் நின்றேன். நர்சரிப் பொம்பளைகளுக்குச் சோப்பும் தனியாக ஒரு டிரம் தண்ணியும் வேண்டும், மண் குவியலைச் சாக்குப் போட்டு மூடவேண்டும் என்றேன். "இதென்ன புதுசா இருக்குது, இத்தனை வருசமா யாரும் கேக்கலியே" என்றார். "இத்தனை வருசமா யாரும் எங்கிட்ட சொல்லலீங்க, இப்பத்தான் டாக்டர் சொன்னாரு. ஏனுங்க, நம்ம நர்சரியில இப்ப ரெண்டு பேரு மாசமா இருக்கறாங்க. நாளைக்கு அவங்க பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா?" என்றேன். மூன்றாம் நாள் டிரம் வந்தது. சோப்பு வர ஒரு மாதம் ஆயிற்று, அதற்குள் நானே ஒரு கட்டி வாங்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். என்னை வாயாடி என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வைத்தியம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு விதமான கிருமி மாத்திரை, அவை ரத்தத்தைக் குறைத்துவிடாமல் இருக்க ஒரு மாத்திரை, வீக்கத்துக்கு ஒரு மாத்திரை. சிறுநீரகத்தில் உப்புப் படியாமல் இருக்க நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். நீ ஒவ்வொரு டம்ளருக்கும் சுவரில் கரிக்கோடு போடுவாய். வாரா வாரம் சேலத்துக்குப் போய் விரலில் குத்தி ரத்தம் பார்த்தோம். மலை வளைவுகளில் இரண்டு தடவை என் மடியிலேயே வாந்தி எடுத்தாய். வீக்க மாத்திரையில் உன் முகம் உப்பி, கன்னம் பளபளவென்று ஆயிற்று. கடைக்காரர், "பையன் நல்லாத் தேறிட்டானே, என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். ஆறு வாரத்தில் பனி விலகியது. ஓரமெல்லாம் தெளிவாயிற்று. நடுவில் மட்டும் தழும்பு விழுந்துவிட்டது. என் மூக்கு அந்த இடது கண்ணுக்குத் திரும்ப வரவே இல்லை. கடைசி நாள் டாக்டர் உன்னை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்: "வலது கண்ணுலயும் ஒரு ஓரத்துல சின்னத் தழும்பு இருக்குதும்மா. இப்ப தூங்குது. கிருமி செத்துப்போகலை, தழும்புக்குள்ள படுத்திருக்குது. எத்தனை வருசம் கழிச்சு வேணாலும் முழிக்கும். புள்ளி பறந்தா அன்னைக்கே வரோணும். அடுத்த நாள்னு சொல்லக்கூடாது." இதை உனக்குப் பதினைந்து வயதில் ஒருமுறை, கல்யாணத்துக்கு முந்தி ஒருமுறை சொன்னேன். இரண்டு தடவையும் தலையாட்டினாய். இப்போது ஒரு வாரம் போய்விட்டது.

இனி என் வாய் இரண்டாவது முறை அடைத்த கதை. உன் நிச்சயதார்த்தத்தன்று உன் மாமனார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு இடது கண்ணு லேசா ஒதுங்குதுங்களே, பார்வை நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்ன வயசுல பம்பரம் பட்டுருச்சுங்க. பார்வைக்கு ஒண்ணுமில்லீங்க." பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்ட வாயாடி, மகனுக்குப் பெண் கிடைக்கவேண்டுமே என்று பம்பரத்தின் மேல் பழியைப் போட்டாள். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிமிஷம்தான் இன்றைய உன் கடிதத்தின் முதல் வரி எழுதப்பட்டது. உன் மேல் எனக்குக் கோபப்பட என்ன உரிமை இருக்கிறது என்று நீ கேட்கலாம். கேள். இருந்தாலும் கோபப்படுவேன்.

சம்பந்தி அண்ணா, இதைப் படித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். கவரின் மேல் உங்கள் பெயரைத்தான் எழுதப்போகிறேன். என் மகன் மூன்று வருஷமாக உங்கள் கொலுசுப் பட்டறையில் வளையத்துக்கு வளையம் பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதி ஒட்டுகிறான். ஒரு கண்ணால் ஒட்டுகிறான். ஒரு கண் என்று உங்களுக்கே தெரியாத அளவுக்கு வேலை சுத்தம். அவன் உங்களை ஏமாற்றவில்லை, ஏமாற்றியது நான். திட்டவேண்டுமானால் நாளை வருகிறேன், நேரில் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு திட்டுங்கள். பிள்ளைக்கு வருமோ என்று பயப்படாதீர்கள். அப்பனிடமிருந்து வராது. டாக்டரிடம் இதைத் தனியாகக் கேட்டிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது தாய்க்குப் புதிதாகப் பிடித்தால்தான் பிள்ளைக்குப் போகும். செல்வி, என் சாமி, உனக்கும் ஒரு வார்த்தை. கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடு. செடிக்கு மண் கிளறினால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. பூனை உட்காரும் மணலைத் தொடாதே. இதையெல்லாம் உன் டாக்டரம்மாவிடமும் ஒருமுறை கேட்டுக்கொள். கிரகணம் வந்தால் நிலாவை நன்றாகப் பார். அழகாக இருக்கும்.

கண்ணு, மறுபடி உனக்குத்தான். சொன்னால் மரியாதை போய்விடும், வேலை போய்விடும், மாமனார் முகம் சுளிப்பார் என்று நினைக்கிறாய். எல்லாம் நடக்கட்டும். அதற்கெல்லாம் மருந்து இல்லாவிட்டாலும் மனுஷன் பிழைத்துக்கொள்வான். உன் கண்ணில் இருப்பதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் நாலு மாதம் கழித்துச் சாப்பிட்டால் இருக்காது. யாருக்கு நல்ல பெயர் எடுக்க நீ குருடாகப் போகிறாய்? பிறக்கப்போகிற பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்காகக் காத்திருக்கிறேன் என்கிறாய். எந்தக் கண்ணால் பார்ப்பாய்? என் குற்றத்தை எல்லாம் இந்தத் தாளில் எழுதிவிட்டேன். அதில் எதற்கும் இனி நான் தலைகுனியப்போவதில்லை. நீயும் குனியவேண்டாம். மூச்சு விடாதே என்று எழுதினாய். நான் மூச்சு விடுவேன்.

மணி இரண்டரை ஆகிறது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொள்கின்றன. உங்கப்பா கவரையும் பசை டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார். பசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கவரை ஒட்டாமல்தான் கொடுக்கப்போகிறேன். கண்டக்டர் படித்தாலும் சரி, உங்கள் தெருவே படித்தாலும் சரி. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நில். காபி வேண்டாம், உட்காரச் சொல்லவும் வேண்டாம். எல்லார் முன்னாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் என் முகத்தைப் பார். மூக்கு தெரிகிறதா என்று கேட்பேன். தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்.

உன் அம்மா